ஒளிரும் துளியின் சாட்சியம்

கடைகளில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கிவந்து, ஓர் இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, மூன்று கண்ணாடித் தம்ளர்களுக்கு முன் பிடித்துப் பார்த்தேன். முதல் தம்ளரில் வீட்டுக் குழாய் நீர். இரண்டாவதில் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் மஞ்சள் தூளைக் கரைத்து வடித்தது. மூன்றாவதில் வெண்ணாற்றுப் படித்துறையில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி முகந்த நீர். முதல் தம்ளர் இருண்டே கிடந்தது. இரண்டாவது பச்சையும் மஞ்சளுமாகச் சுடர்ந்தது. மூன்றாவதில் மெல்லிய நீலம் படர்ந்தது. வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிரூட்டிகளின் வேலை அது. எந்தத் தம்ளரிலும் நான் உலோகத்தைத் தேடவில்லை. ஆனாலும் இரண்டு ஒளிர்ந்தன.

நீரில் கரைந்திருக்கும் நுண்ணளவு உலோக அயனிகளை ஒளியால் காட்டிக்கொடுக்கும் வேதிப்பொருள்களுக்கு ஒளிர்வு உணரிகள் என்று பெயர். திருச்சி என்.ஐ.டி. தொடங்கித் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. கட்டுரைகளின் முன்னுரைகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும்: பாதரசமும் காரீயமும் காட்மியமும் நஞ்சு, அவற்றை அளக்கும் பெரிய கருவிகள் விலை மிக்கவை, எங்கள் மூலக்கூறு எளியது, மலிவானது, களத்திலேயே பயன்படும். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். களம் என்றால் எந்தக் களம்? எனக்குத் தெரிந்தது தஞ்சாவூர்க் களம். மேட்டூர், ஈரோடு, கரூர் ஆகிய தொழில் ஊர்களைக் கடந்து, சாயப்பட்டறைகளின் நொய்யலையும் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு கல்லணைக்கு வரும் காவிரி நீர். அது பாயும் சேற்று வயல். இந்த நீரிலும் இந்தச் சேற்றிலும் ஒளிர்வு உணரி உண்மை சொல்லுமா?

முதலில் அதன் தரப்பைக் குறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது நினைவிருக்கும். அதில் இருந்த நிறமி ரோடமின்-பி. இதே ரோடமினைக் கொஞ்சம் மாற்றிக் கட்டினால், அதன் நடுவே ஒரு வளையம் மூடிக்கொள்ளும். நிறமும் போய்விடும், ஒளிர்வும் போய்விடும். உரிய உலோக அயனி வந்து ஒட்டும்போது வளையம் திறக்கும். நிறமற்ற நீர் இளஞ்சிவப்பாகி, விளக்கின் முன் செம்மஞ்சளாய்ச் சுடரும். 1997-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆந்தனி சார்னிக்கின் குழு செம்பு அயனியை இப்படிப் பிடித்துக் காட்டியது. அதன் பிறகு வந்த ரோடமின் உணரிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கருத்தின் கிளைகள்.

இன்னொரு வழியை வகுத்தவர் கொழும்பில் படித்து, பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்னா டி சில்வா. ஒளிரக்கூடிய பகுதி ஒன்று, அயனியைப் பிடிக்கும் பகுதி ஒன்று, இடையே ஒரு சின்ன இணைப்பு. பிடிப்புப் பகுதி காலியாக இருக்கும்வரை அதிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தாவி வந்து ஒளியை அணைத்துவிடும். அயனி வந்து உட்கார்ந்ததும் தாவல் நிற்கும், ஒளி எழும். இந்த வடிவமைப்பில் உருவான உணரிகள் மருத்துவமனைகளில் இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளவுகளைச் சொல்கின்றன. ரோஜர் சியெனின் குழு 1985-இல் உருவாக்கிய ஃபுரா-2 உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்முன் காட்டியது. நரம்பியலும் இதயவியலும் அதற்குக் கடன்பட்டவை. உணரிகள் வெறும் ஏட்டுச்சுரைக்காய் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த வெற்றிகளுக்குப் பொதுவான ஒன்று உண்டு. இரத்தத்தின் அமில-கார அளவு (pH) எல்லாருக்கும் ஏறத்தாழ 7.4. அதில் என்னென்ன கலந்திருக்கும், எவ்வளவு இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். தேடும் சோடியமும் கால்சியமும் அதில் தாராளமாக இருப்பவை. தெரிந்த ஊரில் தெரிந்த ஆளைத் தேடுவது போன்ற வேலை அது. டெல்டா நீரில் நிலைமை தலைகீழ். ஆடிப்பெருக்கில் வண்டலோடு புரளும் நீர் வேறு. மாசியில் குட்டையாய்த் தேங்கிய நீர் வேறு. நாகப்பட்டினம் கடைமடையில் உப்பேறிய நீர் வேறு. ஆகவே அங்கே கிடைத்த நற்சான்றிதழை இங்கே அப்படியே ஏற்க முடியாது.

முதல் உரைகல் அளவு. இந்தியக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு லிட்டரில் பாதரசம் 1 மைக்ரோகிராமும் காட்மியம் 3 மைக்ரோகிராமும் காரீயம் 10 மைக்ரோகிராமும் தாண்டக்கூடாது. இது எவ்வளவு சிறியது? ஒரு வேலி நிலத்தில், அதாவது 20 மாவில், ஐந்து சென்டிமீட்டர் நீர் நிற்கிறது என்று கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 13.5 லட்சம் லிட்டர். அந்த நீரில் பாதரசம் குடிநீர் வரம்பைத் தொட 1.35 கிராம் போதும். வேதியியலார் கணக்கில் பாதரசத்தின் இந்த வரம்பு 5 நானோமோலார். காட்மியத்துக்கு 27, காரீயத்துக்கு 48. செம்புக்கான வரம்பு 50 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 790 நானோமோலார்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரைகளைப் படித்தால் ஒரு பிரிவினை தானாகத் தெரியும். ஐம்பது நானோமோலாரைக் கண்டறிவதாகச் சொல்லும் உணரி செம்புக்குத் தாராளமாகப் போதும். அதே திறன் பாதரசத்துக்கு எனில், வரம்பைப் போல் பத்து மடங்கு நஞ்சு ஏறிய பிறகுதான் அது முதல் சுடரைக் காட்டும். 'மிகு நுண்ணுணர்வு' என்ற ஒரே பாராட்டை இரண்டுக்கும் சூட்டுவது நேர்மையாகாது. அந்த ஐம்பது என்ற எண் வந்த வழியையும் பார்க்க வேண்டும். உலோகம் சேர்க்காத மாதிரியைப் பலமுறை அளந்து, அளவு ஆடுகிற ஆட்டத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறி எல்லை கிடைக்கும். கணக்கு முறையானதுதான். ஆனால் மைக்ரோமோலார் அளவுகளில் மட்டும் சோதித்துவிட்டு, கோட்டைக் கீழே நீட்டி நானோமோலார் எல்லையைச் சொல்லும் கட்டுரைகள் பல உண்டு. போகாத ஊருக்கு வழி சொல்வது என்பது இதுதான்.

இரண்டாம் உரைகல் கூட்டம். ஆற்று நீரில் உலோகம் தனியாக வருவதில்லை. ஒரு லிட்டரில் 40 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், வரம்பளவுப் பாதரச அயனி ஒன்றுக்குக் கால்சியம் அயனிகள் இரண்டு லட்சம். ஆய்வகத்தில் குறுக்கீட்டுச் சோதனை என்ற பெயரில் மற்ற அயனிகளைச் சம அளவிலோ ஐந்து, பத்து மடங்கிலோ சேர்த்துப் பார்த்துவிட்டு, எதுவும் குறுக்கிடவில்லை என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு லட்சம் பேர் கூடும் மகாமகக் கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்டுவேன் என்பவரைப் பத்துப் பேர் நடுவே நிறுத்திச் சோதித்தது போல இருக்கிறது.

கூட்டத்திலும் சில முரடர்கள் உண்டு. இர்விங்கும் வில்லியம்சும் 1953-இல் வகுத்த வரிசைப்படி, ஒரே பிடிப்புப் பகுதிக்கு இரும்பும் நிக்கலும் துத்தநாகமும் போட்டியிட்டால் அவற்றை எல்லாம் விலக்கிவிட்டுப் பெரும்பாலும் செம்புதான் உட்காரும். உட்கார்ந்ததும், தன் காந்தப் பண்பால் ஒளியை அணைக்கவும் செய்யும். துத்தநாகமும் காட்மியமும் தனிம வரிசையில் ஒரே குடும்பம். ஒன்றுக்காகக் கட்டிய உணரி மற்றொன்றுக்கும் ஒளிர்வது அடிக்கடி நடக்கும். நீர் கட்டிய நெல்வயலிலோ சேற்றில் காற்று அற்றுப்போய், மண்ணின் செந்நிறத்துக்குக் காரணமான இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி நீரில் பெருகும். கலப்பை பட்டுப் புரண்ட சேறு கருநீலமாய்த் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் பழக்கமானது. ஒளியை அணைக்கும் இரும்பு இப்படிப் பெருகிய நீரில் உணரி ஒளிராமல் இருந்தால், தேடிய உலோகம் இல்லை என்று பொருளா, இரும்பு அணைத்துவிட்டது என்று பொருளா?

மூன்றாம் உரைகல் ஊடகம். உணரி மூலக்கூறுகள் பலவும் நீரில் எளிதில் கரையாதவை. அதனால் அசிட்டோநைட்ரைல், டி.எம்.எஸ்.ஓ. போன்ற கரைப்பான்களோடு நீரைக் கலந்து சோதிக்கிறார்கள். பாதிக்குப் பாதி கரைப்பான் இருக்கும் குடுவையைக் காவிரி நீர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஷிஃப் காரம் என்னும் வகை உணரிகளுக்கு நீரே பகை. அவற்றில் பல நீர்பட்டுச் சிதையும். அரிசியிலும் மண்ணிலும் மொத்தமாக எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அறிய, அவற்றை அடர் அமிலத்தில் செரிக்க வைப்பதே வழக்கம். ரோடமின் உணரியின் மூடிய வளையமோ அமிலம் பட்டாலே திறந்துகொள்ளும். உலோகமே இல்லாத மாதிரியும் இளஞ்சிவப்பாய் ஒளிரும். கடைமடை உப்பு நீரில் இதற்கு நேர்மாறான பிழை நேரும்: குளோரைடு பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், நஞ்சு நீரில் இருந்தும் உணரியின் கைக்கு எட்டாது. இல்லாததை இருப்பதாகச் சொல்வது வீண் அச்சம் தரும். இருப்பதை இல்லையென்று சொல்வது உயிருக்கு ஆபத்து.

படித்துறைத் தம்ளரின் நீலமும் இங்கேதான் கணக்கில் வருகிறது. இலைதழை மக்கிய நீரும் சலவை நீரும் தாமாகவே நீல ஒளி தருபவை. நீலத்தில் ஒளிரும் உணரி அந்தப் பின்னணியிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட வேண்டும். இதில் நமக்கு நல்ல முன்னோடி ஒருவர் இருக்கிறார். இதே காவிரிக் கரையில், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன். 1923-இல் கல்கத்தாவில் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் திரவங்களில் ஒரு மங்கலான ஒளியைக் கண்டபோது, அது மாசுகளால் வரும் மெல்லிய ஒளிர்வு என்றே கருதினார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தார்கள்; ஒளி போகவில்லை. அந்த ஒளி ஒளிர்வே இல்லை என்ற தெளிவு 1928-இல் ராமன் விளைவாக உலகுக்குக் கிடைத்தது. ஓர் ஒளியைக் கண்டதும் அதற்குப் பெயர் வைத்துவிடாமல் ஐந்தாண்டு அதைச் சந்தேகித்த அந்தப் பொறுமையை உணரி ஆராய்ச்சியில் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

இனி வயலின் கேள்விக்கு வருவோம். டெல்டா விவசாயி பாதரசத்தைப் பற்றி நாள்தோறும் கவலைப்படுவதில்லை. "இந்த வயலுக்கு ஜிங்க் போடணுமா, வேண்டாமா?" என்பதே அவர் கேள்வி. நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழுந்து, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டை போட்டால் துத்தநாகக் குறை. ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நீர் கட்டிய நெல்வயலில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போவது இயல்பு என்பதால், இந்தக் கேள்வி எந்தப் பட்டத்திலும் ஓயாது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் துத்தநாகம் உட்பட 12 அளவுகளைத் தருகிறது. ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. அது ஏறக்குறைய ஒரு வேலி. ஆறு மா, எட்டு மா வைத்திருக்கும் சிறு விவசாயிக்குப் பக்கத்து வயலின் எண்தான் கிடைக்கும். உணரி உதவக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அளவைப் பொறுத்தவரை நல்ல செய்தி. தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகத்தின் மாறுநிலை எல்லை கிலோவுக்கு 1.2 மில்லிகிராம்; அதற்குக் கீழே போனால் குறை. பத்து கிராம் மண்ணை இருபது மில்லி கரைசலில் குலுக்கி எடுக்கும்போது இது ஏறத்தாழ 9 மைக்ரோமோலார் ஆகிறது. எந்தச் சாதாரணத் துத்தநாக உணரியும் இதைக் காணும். ஆனால் எது அந்தக் கரைசல்? லிண்ட்சேயும் நார்வெலும் 1978-இல் வகுத்த டி.டி.பி.ஏ. கரைசல். மண் ஆய்வகங்கள் அதைக் கொண்டே நுண்ணூட்டங்களைப் பிரித்து எடுக்கின்றன. டி.டி.பி.ஏ. துத்தநாகத்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் மண்ணிலிருந்து அதை இழுத்து வருகிறது. அந்தக் கரைசலில் டி.டி.பி.ஏ.வின் செறிவு 5 மில்லிமோலார். வந்து சேரும் துத்தநாகத்தைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். அதன் பிடியிலிருந்து துத்தநாகத்தை மீட்டு எடுக்கும் வலு சாதாரண உணரிகளுக்கு இல்லை. ஆய்வகத்தின் பெரிய கருவிகளில் ஒன்றான அணு உறிஞ்சல் கருவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது சுடரில் எல்லாவற்றையும் எரித்து அணுவாக்கிவிட்டு அளப்பதால், யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை.

ஆகவே மண்ணில் உணரி பயன்பட வேண்டுமானால், தேவைப்படுவது இன்னொரு புதிய மூலக்கூறு இல்லை. உணரியோடு ஒத்துப்போகும் மென்மையான பிரிப்புக் கரைசல் ஒன்று வேண்டும். அந்தக் கரைசலில் எந்த எண்ணுக்குக் கீழே நெல் உண்மையாகவே வாடுகிறது என்று வயலில் சோதித்து, புதிய மாறுநிலை எல்லை வகுக்க வேண்டும். அது வேதியியல் துறை தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. 1922 முதல் நெல்லுக்காகவே இயங்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும், தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்து மண்-நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும் கைகொடுத்தால்தான் முடியும். திருச்சி ஆய்வகங்களிலிருந்து இந்த இரண்டும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன.

இங்கே இலை வண்ண அட்டையை நினைத்துக்கொள்கிறேன். பச்சையின் சில படிகள் பதித்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. பயிரின் இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னியில் நிறம் 3-க்குக் கீழேயும் மற்ற ரகங்களில் 4-க்குக் கீழேயும் இறங்கினால் தழைச்சத்து இடு என்கிறது. அது மில்லிகிராம் சொல்வதில்லை. துல்லியத்தில் எந்தக் கருவிக்கும் அது ஈடில்லை. ஆனாலும் அது விவசாயியின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. காரணம், நிறத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தொடர்பை வயலிலேயே சோதித்து நிறுவியிருக்கிறார்கள். ஒளிர்வு உணரிகளில் நிறம் இருக்கிறது. செயல் இன்னும் எழுதப்படவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் உணரிக்கு இன்றே வேலை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கும்பகோணத்து ஈயச்சொம்பில் வைத்த ரசத்தின் ருசி நம் ஊருக்குப் பெருமை. அந்தச் சொம்பு வெள்ளீயம். நஞ்சான காரீயத்தையும் தமிழில் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் பேச்சில் மட்டும் நிற்பதில்லை. விலை குறைந்த காரீயம் கலந்துவிட்டால் புளிப்பான ரசத்தில் அது கரைந்து இறங்கும். ஆம்ஸ்டர்டாமின் அமோல்ஃப் ஆய்வு நிலையத்தார் உருவாக்கிய ஒரு தெளிப்புக் கரைசல், காரீயம் உள்ள பரப்பில் பட்டதும் அந்தக் காரீயத்தையே பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளிரும் படிகமாக மாற்றுகிறது. ஊதா விளக்கில் அந்த இடம் பச்சையாய்ச் சுடரும். கேள்வி எளியது: காரீயம் இருக்கிறதா, இல்லையா? பரப்பு கண்முன் இருக்கிறது. சேறும் உப்பும் குறுக்கே இல்லை. சந்தேகப்பட்ட சொம்பை ஒதுக்கிவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முதல் சல்லடையாக இத்தகைய முறையை நம் பாத்திரக்கடைத் தெருக்களில் சோதித்துப் பார்ப்பது தகும்.

கருவிகள் தரப்பிலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. அணு உறிஞ்சல் கருவி சரியான எண்ணைத் தரும். ஆனால் மாதிரி அதனிடம் வந்து சேர வேண்டும். சம்பா அறுவடைக்குப் பின் வயல்கள் காய்ந்து கிடக்கும் மாதங்களில் மண் எடுத்து அனுப்பினால், வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் முன் விடை கிடைக்க நேரம் தாராளம். எடுப்பாரும் இல்லை, எடுத்ததைக் கொண்டுசேர்ப்பாரும் இல்லை என்பதே பல ஊர்களின் நிலை. இந்தக் குறையை எந்த மூலக்கூறும் தீர்க்காது. 'கருவி விலை அதிகம், ஆகவே உணரி' என்ற வாதம் இந்த உண்மையைத் தொடாமல் போகிறது.

என் முடிவு இது. உயிருள்ள செல்லிலும் வேரிலும் உலோகம் எங்கே நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று காட்ட ஒளிர்வு உணரிக்கு இணையான எளிய வழி இல்லை. அந்த ஆராய்ச்சி வளர வேண்டும். பாத்திரப் பரப்பில் காரீயம் போன்ற ஆம்-இல்லைக் கேள்விகளுக்கு முதல் சல்லடையாக அதை ஏற்கலாம். வயலின் துத்தநாகத்துக்கு அது தகுதியான வேட்பாளர். பிரிப்பு முறையும் வயல் சோதனையும் வந்த பிறகே தேர்வு. குடிநீரில் பாதரசமோ காட்மியமோ இல்லை என்று சான்று தரும் உரிமையை இன்றைய நிலையில் அதற்குத் தரக்கூடாது.

ஆய்வு வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மூலக்கூறைத் தொகுக்கும் முன், கையில் உள்ள நல்ல ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை பத்து இடங்களில் பத்துப் புட்டிகள் நிரப்புங்கள். சேறும் சலவை நீரும் உப்பும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, எது எதுவென்று அளப்பவருக்குத் தெரியாமல், ஒரு பாதியை உணரிக்கும் மறுபாதியை அணு உறிஞ்சல் கருவிக்கும் கொடுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள், ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும். 'களத்தில் பயன்படும்' என்ற சொல்லை அந்த அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள், முன்னுரையில் வேண்டாம்.